இருபத்தாறு ரீல், நூற்றுப் பதினெட்டுத் துண்டுச்சீட்டு

1

நித்யாவுக்கும் அருணுக்கும் அப்பா எழுதிக்கொள்வது.

நித்யா, போன ஞாயிற்றுக்கிழமை நீ ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாய். வகுப்பில் ஒரு கட்டுரை எழுத வேண்டும், கோயமுத்தூரில் அந்த டேப்புகளை விற்ற கதையைத்தான் எழுதப் போகிறேன் என்றாய். சரி என்றேன். முதல் வரி எழுதிவிட்டேன், வாசிக்கட்டுமா என்று கேட்டு வாசித்தும் காட்டினாய். இங்கிலீஷில் இருந்தது. எனக்குப் புரிந்தவரை அர்த்தம் இது: 'எனக்குப் பதினைந்து வயதானபோது என் அப்பா இரண்டே நாளில், ஒரு ஹேண்ட் டிரில்லை வைத்து, முப்பது வருஷத்து ஆவணம் ஒன்றை அழித்தார்.'

நல்ல வரி. தப்பு ஒன்றும் இல்லை. ஹேண்ட் டிரில் என்பதும் சரிதான்.

பிறகு நீ சொன்னாய்: "அந்த ரெண்டு நாளும் நாங்க தாராபுரம் போயிட்டமுங்க. நீங்க தனியா இருந்துட்டு என்ன பண்ணீங்க, என்னதான் நெனச்சீங்கன்னு எனக்கு இன்னும் தெரியாதுங்கப்பா. எழுதி அனுப்புங்க."

அதனால் எழுதுகிறேன். பத்தாவது பாஸ் செய்ததற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் லீவு லெட்டரும் உன் பெரியப்பாவுக்குப் போடுகிற ஏர்மெயிலும்தான். இந்த வாரம் எனக்கு மதிய ஷிப்ட். காலையில் அம்மா வேலைக்கும் அருண் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு வீட்டில் சத்தம் இருக்காது. வாசிக்கக் கஷ்டமாக இருந்தால், வீட்டில் வைக்கிற நகலிலிருந்து அம்மாவைப் போனில் வாசித்துக் காட்டச் சொல். சில இடங்களை மாற்றி வாசிப்பாள், கவனம்.

அருண், நீயும் வாசி. ஆனால் இதில் 'நீ' என்று வருகிற இடமெல்லாம் உன் அக்கா. உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பின்னால் உங்கள் பிள்ளைகள் யாராவது எடுத்து வாசித்தால் நடுவில் முழிக்கக் கூடாது.

2

நாம் கனடாவிலிருந்து ஊருக்குப் போனது தொண்ணூற்று நாலாம் வருஷம், கோடை விடுமுறையில். அதற்கு முந்தின குளிர்காலத்திலிருந்து ஆரம்பித்தால்தான் நான் செய்தது விளங்கும்.

உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. டீச்சர் என்னைப் பார்த்து, உங்களுக்கு ஏதாவது கன்சர்ன் உண்டா என்று கேட்டார். அவர் கேட்டது கவலையை. கோயமுத்தூரில் கன்சர்ன் என்றால் கம்பெனி. எந்தக் கன்சர்னில் வேலை என்றுதான் ஊரில் கேட்பார்கள். நான், ஒரே கன்சர்ன்தான், பதின்மூன்று வருஷமாக மாறவில்லை, நூல் மில், நூல் சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷன் என்றேன். டீச்சர் அதைக் குறித்துக்கொண்டார். நீ ஜன்னலைப் பார்த்தாய்.

காரில் வரும்போது பசிக்கிறதா என்று கேட்டேன். "நோ, தேங்க் யூ" என்றாய்.

உனக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாய். என்னோடு இங்கிலீஷில் பேசுவாய், அதுவும் பேங்க் கவுண்டரில் பேசுகிற மாதிரி மரியாதையாக. சின்ன வயதில் அது ஒரு மணி நேரம் இருக்கும். பிறகு ஒரு நாள் ஆயிற்று. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒரு வாரம் இருந்தது.

மில்லில் எனக்குப் பக்கத்து மெஷினில் போர்ச்சுகல்காரர் ஒருவர் இருந்தார். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் நகர்ந்து உட்காராத ஒரே ஆள். அவருடைய மகளும் இப்படித்தானாம். ஒரு சண்டையில் இங்கிலீஷுக்கு மாறியவள் திரும்பி வரவே இல்லை. கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது, இன்னும் தேங்க் யூதான் என்றார். அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் ரூட் மாறியதைச் சொல்கிற மாதிரி சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த கோபம் எத்தனை நாளைக்கு என்று தெரியாது, அது வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்துதான் நான் விமானம் ஏறினேன்.

3

சிங்காநல்லூர் வீட்டில் அப்போது உன் பெரியப்பா செல்வராஜ் குடும்பம் இருந்தது. மாடி அறையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம், அட்டாலியில் இருக்கிற சாமானை எல்லாம் கீழே இறக்கிப் பாருங்கள் என்றார். அட்டாலி என்றால் மேல் பரண். நீதான் ஏறினாய். எவர்சில்வர் அண்டாவுக்குப் பின்னால் இரும்புப் பெட்டி ஒன்றும், சாம்பல் நிறத்தில் கைப்பிடி வைத்த இன்னொரு பெட்டியும் இருந்தன.

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எமில் சாருடையது.

எமில் சார் சுவிட்சர்லாந்துக்காரர். நான் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மில்லில் புது மெஷின் இறக்கி மாட்ட வந்தவர். பதினாலு மாசம் எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். இட்லியைக் கத்தியால் நாலாக வெட்டிச் சாப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சாம்பல் பெட்டியைத் திறந்து பாட்டுப் போடுவார். வாத்தியம் மட்டும்தான், வாய்ப்பாட்டு இருக்காது. தெருவில் யாராவது என்ன சத்தம் என்று கேட்டால் உங்கள் தாத்தா, மெஷினுக்கு டெஸ்டிங் நடக்கிறது என்று சொல்லிவிடுவார். யாரும் சந்தேகப்படவில்லை.

வேலை முடிந்து போகும்போது சுமை அதிகம் என்று பெட்டிகளை விட்டுப் போனார். இரண்டு வருஷம் கழித்து, இனிமேல் இந்தியா வரமாட்டேன், பெட்டிகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்றால் விற்றுவிடுங்கள் என்று கடிதம் போட்டிருந்தார். தாத்தா இரண்டையும் செய்யாமல் அட்டாலியில் ஏற்றிவிட்டார்.

சாம்பல் பெட்டி டேப் ரெக்கார்டர். இரும்புப் பெட்டியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருபத்தாறு ரீல், ஒவ்வொன்றும் ஒரு அட்டைப் பெட்டியில். பெட்டி மேலும் ரீல் மேலும் நம்பர் மட்டும்தான், பெயர் கிடையாது. ஆனால் ஒவ்வொரு ரீலிலும் சுற்றிய டேப்புக்கு நடுவே காகிதத் துண்டுகள் செருகியிருந்தன, நாலோ ஐந்தோ. நுனி மட்டும் நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நீ ஒன்றைக்கூட உருவாமல், அப்படியே சாய்த்து வைத்து வாசித்தாய். எழுதியிருந்தது பிரெஞ்சு. கனடாவில் உனக்குப் பிரெஞ்சு கட்டாயப் பாடமாக இருந்தது அன்றைக்குத்தான் உதவியது.

எமில் சார் இந்தியா வருவதற்கு முன்னால் அவர் ஊரில் சாப்பாட்டுக் கடை ஒன்றில் ஜாஸ் வாசிப்பார்களாம். சனிக்கிழமைதோறும் இந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் அவரே பதிவு செய்திருக்கிறார். எந்தத் துண்டு செருகியிருக்கிறதோ அந்த இடத்தில் ஒரு பாட்டு ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாட்டைப் பற்றித் துண்டில் ஒரு வரி. 'எக்காளம். கிளாஸ் உடைகிறது.' 'டிரம்ஸ் ஆள் புதிது, வேகம் தாங்கவில்லை.' ஒன்றில் 'இன்று அவள் வந்தாள்' என்று மட்டும் இருந்தது.

"யாருங்கப்பா அவ?" என்று கேட்டாய்.

எனக்கெப்படித் தெரியும் என்றேன். ஆனால் மூன்று நாள் நாம் இருவரும் அந்தப் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். இதைப் பட்டியல் போட்டு, விஷயம் தெரிந்த ஒருவருக்கு விற்க வேண்டும் என்றாய். ஒரு வருஷத்தில் நீ என்னோடு பேசியதைவிட அந்த மூன்று நாளில் பேசியது அதிகம். அத்தனையும் தமிழில்.

4

நாலாம் நாள் உன் பெரியம்மாவின் பிறந்த வீட்டுக் காதுகுத்துக்குப் பெரியம்மாவோடு நீங்கள் மூன்று பேரும் தாராபுரம் போனீர்கள். எனக்கு வயிறு சரியில்லை, வரவில்லை.

நீ கேட்ட இரண்டு நாள் இதுதான்.

முதல் நாள் காலையில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உன்னோடு உட்கார்ந்திருந்தபோது நான் துண்டுகளைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாகப் பார்த்தபோதுதான் சுற்று கண்ணில் பட்டது. ஒரு பக்கம் தளர்வு, ஒரு பக்கம் இறுக்கம், ஓரம் ஏறி இறங்கி இருந்தது. எல்லா ரீலிலும் வெளி முனை ஒட்டாமல் தொங்கிக் கிடந்தது. ஊரிலும் கனடாவிலுமாக வைண்டிங்கில் இருபத்து நாலு வருஷம் இருந்தவன் நான். இப்படி ஒரு நூல் கோன் என் கையில் வந்தால் ரிஜெக்ட் செய்து, பிரித்து மறுபடியும் சுற்றச் சொல்லுவேன். நூலுக்கு நடுவே காகிதம் நீட்டிக்கொண்டிருந்தால் சூப்பர்வைசரைக் கூப்பிடுவேன்.

நல்ல பொருள், கெட்ட சுற்று. என் மகள் விற்கப்போகிற சரக்கு இப்படிப் போகக் கூடாது என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெரியப்பாவின் ஹேண்ட் டிரில்லை எடுத்து, முனையில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி மாட்டினேன். ரீலின் நடு ஓட்டை அதில் சிக்கென்று உட்கார்ந்தது. இடது கையில் துவைத்த பனியன் துணியை மடித்து, டேப்பை அதற்கு நடுவே விட்டு, தூசி போகவும் இழுவிசை மாறாமலும் சுற்றினேன். துண்டு வரும்போதெல்லாம் நிறுத்தி எடுத்து வைத்தேன். தூக்கி எறியவில்லை, அதைக் குறித்துக்கொள். எங்கள் மில்லில் ஒவ்வொரு கோனுக்குள்ளும் சுற்றியவனுடைய நம்பர் போட்ட சீட்டு இருக்கும். பழைய கோனைப் பிரித்துச் சுற்றும்போது பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புதிதாக நம் சீட்டைப் போட வேண்டும். அதுதான் முறை. கை அதைச் செய்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் இருபத்தாறும் முடிந்தது. மொத்தம் நூற்றுப் பதினெட்டுத் துண்டு. சில தபால் கார்டில் வெட்டியவை, சில சிகரெட் அட்டை, மிச்சம் கடிதத் தாள். கலந்து கிடந்தால் பார்க்க நன்றாக இல்லை என்று அகலவாரியாகப் பிரித்து, பெரியது பெரியதோடு, சிறியது சிறியதோடு, நாலு கட்டாக ரப்பர் பேண்டு போட்டேன். ஒவ்வொரு ரீலுக்கும் புதுச் சீட்டு எழுதினேன்: வரிசை எண், தேதி, எடை. எடைக்கு முக்கு மளிகைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் நிறுத்துக் கொடுத்துவிட்டு, "இது கிலோ என்ன வெலைக்குப் போகுமுங்க?" என்று கேட்டார். இன்னும் தெரியலீங்க, பொண்ணுதான் பாக்கோணும் என்றேன்.

பெட்டிகளைத் துடைத்து மேசைமேல் அடுக்கினேன். பெரியப்பா பார்த்துவிட்டு, "ஷோரூமாட்ட வெச்சுப்போட்டயேடா" என்றார். நீ வருகிற பஸ்ஸை எதிர்பார்த்து வாசலில் நின்றேன்.

5

நீ மேசையைப் பார்த்தாய். ஒரு பெட்டியைத் திறந்தாய், இன்னொன்றைத் திறந்தாய். பிறகு ரப்பர் பேண்டு போட்ட நாலு கட்டையும் பார்த்தாய்.

"துண்டெல்லாம் பத்திரமா இருக்குது கண்ணு" என்றேன். "ஒண்ணுகோடத் தொலையல."

நீ சிரித்தாயோ அழுதாயோ தெரியவில்லை. வாய் கொஞ்சம் கோணியது. பிறகு, "தேங்க் யூ, அப்பா. தட் வாஸ் வெரி கைண்ட்" என்றாய்.

அம்மாவுக்கு அப்போதும் புரியவில்லை. "இத்தனை வேலை செஞ்சிருக்காரு, ஒரு காப்பி போட்டுக் குடு அம்மணி" என்றாள். நீ போட்டுக் கொடுத்தாய். சர்க்கரை போதுமா என்று இங்கிலீஷில் கேட்டாய்.

எந்தத் துண்டு எந்த ரீலில் இருந்தது என்று அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாது. ரீலின் மேல் எமில் சார் போட்டிருந்த நம்பரும் ஒன்று தள்ளிப்போயிருந்தது. மெஷினோடு காலியாக இருந்தது ஒரே ரீல், அதில் முதல் டேப்பைச் சுற்றி, முதல் ரீலில் இரண்டாவதைச் சுற்றி, அப்படியே போய்விட்டேன். அருண்தான் அதைக் கண்டுபிடித்து, எல்லா நம்பரிலும் ஒன்றைக் கூட்டினால் சரியாகிவிடும் என்றான். அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அது.

மறுபடி விமானம் ஏற நாலு வாரம் இருந்தது. அதற்குள் நீ தமிழுக்குத் திரும்பவில்லையென்றால் அப்புறம் இல்லை என்று எனக்குப் பட்டது. கனடாவில் நான் வேலைக்குப் போவதும் நீ பள்ளிக்கூடம் போவதும் ஒரே நேரத்தில் வராது. சமாதானம் பேசக்கூட ஷிப்ட் ஒத்துவர வேண்டும்.

6

டேப்பைப் போட்டுக் கேட்டுத் துண்டோடு பொருத்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அதற்கு மெஷின் ஓட வேண்டும். கோட்டைமேட்டில் ரஹ்மத் பாய் ரேடியோ ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுல அணில் குடும்பமே இருந்திருக்குது. வாடகை வாங்குனீங்களா?" என்றார். பெல்ட் பொடியாகியிருந்தது. தையல் மெஷின் பெல்ட்டில் வெட்டி ஒட்டிப் போட்டார், இரண்டு வால்வும் மாற்றினார். டேப்பின் சுற்றைப் பார்த்து, மில்லுக்காரரா நீங்க என்று கேட்டார். ஆமாங்க என்றேன். நீ கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டாய்.

வீட்டில் முதல் ரீலைப் போட்டோம். பெரியப்பா, பெரியம்மா, அம்மா எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஏதோ இழுத்து இழுத்து உறிஞ்சுகிற மாதிரி சத்தம் வந்தது. ஜாஸ் இப்படித்தான் இருக்கும் போல என்று இருபது நிமிஷம் மரியாதையாகக் கேட்டோம். போகப்போக நன்றாக இருக்கிறது என்றுகூட அம்மா சொன்னாள்.

நீதான் எழுந்து மெஷினை நிறுத்தினாய். கைதட்டல் முதலில் வருகிறது, பாட்டு பிறகு வருகிறது, டேப் பின்பக்கமாக ஓடுகிறது என்று அம்மாவிடம் சொன்னாய். என்னைப் பார்க்கவில்லை. நான் ஒரே ஒரு தடவை சுற்றிவிட்டதால் இருபத்தாறும் கடைசியிலிருந்து தொடங்கின. எல்லாவற்றையும் திரும்பச் சுற்ற வேண்டியிருந்தது. அதை மெஷினே செய்யும் என்றாய், நான் கையை எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பதினேழு நாள் நம் வீட்டில் நடந்ததை வெளியே யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பலகாரம் முடிந்ததும் டேப் ஓடும். நீ துண்டுகளைத் தமிழில் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாய், எனக்கு இங்கிலீஷில். ஜாஸ் பற்றி எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, ஆனால் எமில் சார் எழுதியிருந்ததும் ஜாஸ் பற்றி அதிகம் இல்லை. 'யாரோ இருமுகிறார்.' 'பியானோவில் ஒரு கட்டை வேலை செய்யவில்லை.' 'முதலாளி நடுவில் சமையல்காரனைத் திட்டுகிறார்.' இருமலைப் பெரியம்மா கண்டுபிடித்தாள். கட்டை வேலை செய்யாத பியானோவை அருண் கண்டுபிடித்தான். திட்டுகிற சத்தத்தை, பாஷை தெரியாமலே, பெரியப்பா முதல் தடவையில் பிடித்துவிட்டார். "மொதலாளிதான். சம்பளம் குடுக்கறவன் கொரல்" என்றார்.

நான் கண்டுபிடித்தது டிரம்ஸ் ஆள் மாறிய ரீல். பழைய ஆள் ஒரே சீராக அடித்தார், புது ஆள் ஸ்பிண்டில் தளர்ந்த மெஷின் மாதிரி அடித்தார். இதுதான் என்றேன். நீ இரண்டு தரம் போட்டுக் கேட்டுவிட்டு, "கரெக்ட்" என்று எழுதிக்கொண்டாய்.

நூற்று ஒன்பது துண்டு பொருந்தியது. ஒன்பது மிச்சம்.

7

அதற்குள் யாருக்கு விற்பது என்பதும் தெரிந்துவிட்டது. முதலில் கனடாவுக்கே அனுப்பிவிடலாம் என்று ஒரு தபால் ஆபீசில் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர், உள்ளே என்ன என்றார். ரீல் என்றேன். ரீல் என்றால் சினிமா, சென்சார் சர்டிபிகேட் இல்லாமல் அனுப்ப முடியாது என்றார். இதில் படமே இல்லை, சத்தம் மட்டும்தான் என்றேன். அப்படியானால் படத்தை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார். இரண்டாவது கவுண்டரில், சென்சார் செய்யவில்லை என்று எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். யாரிடம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

ரஹ்மத் பாய்தான் போத்தனூர் நோயல் சாரைச் சொன்னார். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், ஆங்கிலோ இந்தியர். இளவயதில் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் கிளாரினெட் வாசித்தவர், வீட்டில் சொந்தமாக ரீல் மெஷின் உண்டு. இரண்டு ரீலை எடுத்துக்கொண்டு போனோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், முழுசும் எடுத்துக்கறேன் என்றார். ஆனால் எது எது என்று எழுதிய பட்டியலும் துண்டுகளும் சேர்த்து வேண்டும், அதில் தப்பு இருக்கக் கூடாது என்றார். நாம் புறப்பட ஒரு வாரம்தான் இருந்தது.

மிச்சம் ஒன்பது துண்டையும் மிச்சம் ஒன்பது பாட்டில் எதிலாவது வைத்துவிடுங்கள், யாருங்க வந்து பாக்கப்போறாங்க என்றாள் அம்மா. அவளுக்குப் பெட்டி கட்டுகிற அவசரம். நீ தலையைத் தூக்காமல், நான் பார்ப்பேன் என்று இங்கிலீஷில் சொன்னாய். நானும் வேண்டாம் என்றேன். மில்லில் ஒருவனுடைய கோனில் இன்னொருவன் சீட்டுப் போனால் வேலை போகும். வேலை போவதுகூடப் பெரிதில்லை, எவனோ செய்த தப்பு உன் பேரில் ஏறும். உன் வேலை அவன் பேருக்குப் போகும்.

அன்று மத்தியானம் நான் ஒன்று யோசித்தேன். முப்பது வருஷம் ஒரு காகிதம் உள்ளே அழுத்திக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் டேப் சும்மா இருக்காது. நூலிலேயே தழும்பு விழும். பொருந்தாத ஒன்பது பாட்டும் தொடங்குகிற இடங்களை நீ மெஷினில் நிறுத்தி நிறுத்திக் காட்டினாய், நான் கண்ணை மூடி விரலால் தடவினேன். இருந்தது. நகத்தின் ஓரம் அளவுக்கு ஒரு பள்ளம். தபால் கார்டு என்றால் ஆழமாக இருந்தது, சிகரெட் அட்டைக்குக் கொஞ்சம் குறைவு, கடிதத் தாள் தெரிந்தும் தெரியாமலும். பள்ளத்தின் அகலத்தை அருண் ஸ்கேல் வைத்து அளந்தான். துண்டின் அகலத்தோடு ஒத்துப் பார்த்தோம்.

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாய். "ஃபோர். நெக்ஸ்ட், ப்ளீஸ்." ஆறு துண்டு இடம் சேர்ந்தது.

மூன்று மட்டும் மிஞ்சியது. மூன்றும் ஒரே கடிதத் தாள், ஒரே அகலம். 'இன்று அவள் வந்தாள்.' 'அவள் வரவில்லை.' 'வரவில்லை.' பாட்டும் மூன்றும் மெதுவான பாட்டு. எத்தனை தடவை கேட்டாலும் யாரும் வந்த மாதிரியும் தெரியவில்லை, வராத மாதிரியும் தெரியவில்லை. கதவு சத்தம்கூட இல்லை.

அந்த மூன்றைத்தான் நீ முதல் நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்தாய். அது எனக்குத் தெரியும். துண்டு இருந்த இடத்தில் இருந்திருந்தால் அவள் எந்தப் பாட்டுக்கு வந்தாள் என்று நமக்குத் தெரிந்திருக்கும். இனி ஒருவருக்கும் தெரியாது. எமில் சார் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன், அப்படி யாரும் எங்கள் பட்டியலில் இல்லை என்று அச்சடித்த கார்டு ஒன்று பின்னால் கனடாவுக்கு வந்தது.

பட்டியலில் அந்த மூன்று பாட்டுக்கு எதிரே 'தெரியாது' என்று எழுதினாய். மூன்று துண்டையும் தனி உறையில் போட்டு ஒட்டினாய்.

8

புறப்படுவதற்கு முந்தின நாள் டாக்சியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நாம் மூன்று பேரும் போத்தனூர் போனோம். அம்மா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். சாரல் அடித்துக்கொண்டிருந்ததால் ரீல் பெட்டிகளை என் மழைக்கோட்டால் மூடியிருந்தேன்.

நோயல் சார் பட்டியலை மேலிருந்து கீழே வரை வாசித்தார். 'தெரியாது' மூன்றிலும் விரலை வைத்தார். நீ பயந்துபோய் நின்றாய். எப்படி நேர்ந்தது என்று கேட்டால் நான் சொல்லிவிடுவது என்று தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை. "தெரியாததெத் தெரியாதுன்னு எழுதிருக்கியே, அது போதும் பேபி" என்றார். பேசி வைத்த பணத்தைக் கொடுத்தார். உறையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அத்தோடு முடிந்திருக்கும். அவர் கடைசியாக ஒரு ரீலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பதினேழு நாள் மெஷினில் ஓடியதில் ரீல்களின் சுற்று கலைந்திருந்தது. முந்தின நாள் நான் இருபத்தாறையும் மெஷினில் திரும்பச் சுற்றும்போது பனியன் துணியை வைத்து ஓரம் கட்டியிருந்தேன். எமில் சார் வைத்திருந்த மாதிரியே பாட்டுத் தொடங்குகிற முனை வெளியே இருக்கும்படிதான் சுற்றினேன். உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். நீ "இஃப் யூ லைக்" என்றாய்.

"எங்க சர்வீஸ்ல ரேடியோ ஸ்டேஷன்லகோட இப்படிப் பாத்ததில்ல மேன்" என்றார் நோயல் சார். "கண்ணாடியாட்டம் இருக்குது. யாரு சுத்துனது?"

"நானுங்க" என்றேன்.

சிரித்துவிட்டேன். அதை மறைக்க முடியவில்லை. இருபத்து நாலு வருஷத்தில் ஒருவர் என் சுற்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நீ என்னைப் பார்த்தாய்.

"சிரிக்கறீங்களா?" என்றாய். "ஏனுங்கப்பா, சிரிக்கறீங்களா?"

நோயல் சார் ரீலைக் கீழே வைத்துவிட்டார்.

"நூத்திப் பதினெட்டுச் சீட்டுங்க. ஒவ்வொண்ணையும் அந்த மனுசன் உக்காந்து எழுதி, எடம் பாத்துச் சொருகி வெச்சிருந்தாருங்க. அதையப் போயி உருவி, சைஸ் பாத்து ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருக்கீங்க. அகலமா இருந்தா ஒரு கட்டு, ஒல்லியா இருந்தா ஒரு கட்டு. எடை வேற போட்டீங்களாமா. தக்காளியாங்கப்பா அது? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க? தாராபுரத்துல போனு இல்லீங்களா? பெரியம்மா ஊட்டு நம்பரு செவுத்துலயே எழுதியிருக்குதில்லீங்க?"

இவ்வளவு தமிழ் உன்னிடம் இருப்பது எனக்குத் தெரியாது. ஆறு வாரத்தில் பெரியம்மாவிடம் எடுத்திருக்கிறாய். திட்டும்போதுகூட ஒரு இடத்திலும் 'ங்க' விடவில்லை. அருண் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். நோயல் சார் ஜன்னலுக்கு வெளியே ரயில் வருகிறதா என்று பார்த்தார்.

"அவ எந்தப் பாட்டுக்கு வந்தான்னு இனி யாருக்குங்க தெரியும்? சொல்லுங்க. யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது கண்ணு" என்றேன்.

"அப்பறம் என்னத்துக்குங்க சிரிக்கறீங்க?"

நோயல் சாரிடம் போய்ட்டு வாரேனுங்க என்று சொல்லிவிட்டு வந்தோம். அவர் வாசல்வரை வந்து என் கையை மட்டும் குலுக்கினார். டாக்சியை அனுப்பிவிட்டதால் டவுன் பஸ்ஸில் ஏறினோம். நீ ஜன்னலோரம், நான் நடுவில், அருண் அந்தப் பக்கம். நீ முதலிலிருந்து ஆரம்பித்தாய். டிரில்லைப் பற்றி, பனியன் துணியைப் பற்றி, பின்பக்கமாக ஓடிய டேப்பை ஊரையே கூட்டி வைத்துக் கேட்டதைப் பற்றி. பள்ளிக்கூடத்தில் நான் டீச்சரிடம் சொன்ன பதிலுக்கும் வந்தாய், அதற்கு முன்னால் மூன்று வருஷத்துக் கணக்கும் இருந்தது. முன் சீட்டில் இருந்த அம்மா ஒருவர் திரும்பி என்னைப் பார்த்து, என்னங்க பண்ணுனீங்க என்று கேட்டார். தப்புப் பண்ணிட்டேனுங்க என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, "சொல்லு அம்மணி, சொல்லு" என்றார்.

நித்யா, அந்த இரண்டு நாள் நான் என்ன நினைத்தேன் என்று கேட்டிருந்தாய். எழுதிவிட்டேன். உன் முதல் வரியை மாற்ற வேண்டியதில்லை.

பஸ் உக்கடம் போய்ச் சேர்ந்தபோது நீ பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. சிங்காநல்லூருக்கு இன்னொரு பஸ் மாற வேண்டும். கூட்டமாக வந்த ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததில் போகலாம் என்றேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.